சர்க்கரை நோய் வந்த பூனை: வீட்டிலேயே ஏற்ற இறக்கத்தைக் கவனித்துக்கொள்வது எப்படி?

முத்து எங்கள் வீட்டுக் கடுவன் பூனை. 9 வயது, கருத்தடை ஆனவன், 6.5 கிலோ. ஒரு கோடையில் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவே மாட்டேன் என்றான். வெயில்தானே என்று நானும் விட்டுவிட்டேன். மணல் தட்டில் சிறுநீர் உருண்டைகள் இரண்டு மடங்கு பெரிதாயின. நன்றாகச் சாப்பிட்டும் முதுகைத் தடவினால் எலும்பு கையில் இடறியது. பின்னங்கால்களின் குதி தரையில் படிய நடக்கத் தொடங்கியபோதுதான் டாக்டரிடம் ஓடினோம். சர்க்கரை 412.

இன்றைக்கு முதல் இன்சுலின் பாட்டிலோடு வீட்டுக்கு வந்து, கை நடுங்க உட்கார்ந்திருக்கும் ஒருவருக்காக இதை எழுதுகிறேன். எந்த இன்சுலின், எத்தனை யூனிட் என்பதை உங்கள் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நம் பங்கு வேறு: நேரம் தவறாத ஊசி, மாறாத சாப்பாடு, எழுதிவைத்த எண்கள். சர்க்கரை தாறுமாறாக ஏறி இறங்கினால், பல நேரம் காரணம் நோய் அல்ல, நம் கை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பயங்கரமான இரவு தேவைப்பட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் எண்களைப் புரிந்துகொள்ளுங்கள்

நலமான பூனைக்குச் சர்க்கரை ஏறக்குறைய 70 முதல் 120 வரை (மி.கி./டெசிலிட்டர்) இருக்கும். சுமார் 250ஐத் தாண்டிய பிறகே அது சிறுநீரில் வழியத் தொடங்கும். வழியும்போது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தாகம் அதனால்தான்.

பூனைகளிடம் அதிகம் காணும் இன்னொரு சிக்கல், பயந்தாலே சர்க்கரை ஏறிவிடும். கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் இடத்தில் அரை மணி நேரம் காக்கவைத்து எடுத்த ரத்தத்தில், நோயே இல்லாத பூனைக்குக்கூட 300 காட்டலாம். அதனால்தான் டாக்டர்கள் ஃப்ரக்டோசமின் என்ற பரிசோதனையும் எடுக்கச் சொல்கிறார்கள். கடந்த ஒன்றிரண்டு வாரங்களின் சராசரியை அது காட்டும். ஒரு நாள் பயம் அதைப் பெரிதாகப் பாதிக்காது. வீட்டில், தன் பாயில் படுத்திருக்கும் பூனையிடம் எடுக்கும் எண்ணுக்கு மதிப்பு அதிகம் என்பதும் இதனால்தான்.

படி 1: பாட்டிலும் சிரிஞ்சும் பொருந்துகின்றனவா?

இந்த ஒரு படியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

நம் நாட்டு மருந்துக்கடைகளில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்ச் கிடைக்கிறது. சிவப்பு மூடி யூ-40, அதாவது ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு. ஆரஞ்சு மூடி யூ-100, மில்லிக்கு 100 யூனிட் உள்ளதற்கு. மனிதர்களுக்கான பல இன்சுலின் பாட்டில்கள் இங்கே ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்ற அளவில் வருகின்றன. பூனைகளுக்கு அதிகம் எழுதித் தரப்படும் கிளார்ஜின், ஒரு மில்லிக்கு 100 யூனிட். பூனைக்கும் நாய்க்கும் என்றே தயாராகும் கேனின்சுலின், புரோசிங்க் இரண்டும் 40.

கிளார்ஜினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 2 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 2 யூனிட் அல்ல, 5 யூனிட். ஒரு பூனையைக் கொல்ல அது போதும். மாறாக, 40 யூனிட் பாட்டிலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இழுத்தால், 2 யூனிட் என்று நினைத்து 0.8 யூனிட்தான் போட்டிருப்போம். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று மாதக்கணக்கில் குழம்புவோம். மூன்றாவது மாதம் ஒரு கடையில் எனக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சைக் கொடுத்து, “எல்லாம் ஒண்ணுதான்க்கா” என்றார்கள். ஒன்றல்ல. பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே நின்று பாருங்கள். அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்ச் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பூனைக்கு அரை யூனிட் என்பது பெரிய வித்தியாசம்.

படி 2: காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம்

பூனைக்கென்றே அளவு திருத்திய மீட்டர்கள் உண்டு. கிடைக்காவிட்டால் வீட்டில் தாத்தா பாட்டி பயன்படுத்தும் குளுக்கோமீட்டரே போதும். அது பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடச் சற்றுக் குறைத்துக் காட்டும். எந்த மீட்டர் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதையே தொடர்ந்து பயன்படுத்துங்கள். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று மாற்றினால் எண்களை ஒப்பிட முடியாது.

ஸ்ட்ரிப்பை மீட்டரில் செருகித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய சாக்ஸில் கைப்பிடி அரிசி போட்டு முடிந்து, லேசாகச் சூடாக்கி, உங்கள் கன்னத்தில் வைத்துப் பார்த்த பிறகு, பூனையின் காதில் அரை நிமிடம் ஒற்றுங்கள். காது குளிர்ந்திருந்தால் ரத்தம் வராது. காதின் வெளி விளிம்பை ஒட்டி மெல்லிய ரத்தக்குழாய் ஒன்று ஓடும். அந்தக் குழாய்க்கும் விளிம்புக்கும் இடையில் குத்துங்கள். உங்கள் விரலில் குத்திக்கொள்ளாமல் இருக்கக் காதின் மறுபக்கம் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். வாஸ்லினைத் துளி தடவிவிட்டுக் குத்தினால் ரத்தம் ரோமத்தில் பரவாமல் முத்தாக நிற்கும். ஸ்ட்ரிப்பை அருகில் கொண்டுபோனால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பஞ்சால் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள்.

முதல் வாரம் ஐந்து முறை குத்தினால் ஒரு முறைதான் வரும். மனம் தளராதீர்கள். எண் வந்தாலும் வராவிட்டாலும் வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்று கொடுங்கள். பத்து நாளில் முத்து அந்தச் சாக்ஸைப் பார்த்தாலே தானாக வந்து உட்கார்ந்தான்.

படி 3: தினமும் இரண்டு வேளை

12 மணி நேர இடைவெளி. எங்களுக்குக் காலை 7, மாலை 7. உங்கள் வேலைக்கு ஒத்து வருகிற நேரமாகப் பாருங்கள். மாதங்கள் கணக்கில் அதைக் காப்பாற்ற வேண்டும்.

வரிசை இப்படி: எண்ணைப் பாருங்கள், சாப்பாடு வையுங்கள், சாப்பிடுவதைக் கண்ணால் பாருங்கள், பிறகு ஊசி. சாப்பிடவில்லை, வாந்தி எடுத்தான் என்றால் ஊசி போடாமல் டாக்டருக்கு போன் செய்யுங்கள். “எந்த எண்ணுக்குக் கீழே ஊசி போடக் கூடாது?” என்று முதல் நாளே கேட்டு, அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். எங்களுக்கு ஆரம்பத்தில் சொன்னது 200.

தோலைக் கூடாரம்போல் தூக்கி, அதன் அடிவாரத்தில் ஊசியை நுழையுங்கள். ஒரே இடத்தில் போடாமல் இடுப்பு, விலாப் பக்கம் என்று மாற்றிப் போடுங்கள். மறுபக்கம் ரோமம் நனைந்து மருந்து வாசனை அடித்தால் ஊசி வெளியே வந்துவிட்டது என்று பொருள். அப்போது இன்னொரு ஊசி போடாதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாத நிலையில் மறுபடி போடுவதைவிட ஒரு வேளை தவறுவது மேல். மறந்துபோன வேளையைச் சேர்த்து அடுத்த முறை இரட்டிப்பாகப் போடவும் கூடாது.

படி 4: ஒரு நாள் முழுக்க அளந்து பாருங்கள்

ஒரு காலைநேர எண்ணை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. டாக்டர் சொல்லும் நாளில், ஒரு ஊசியிலிருந்து அடுத்த ஊசி வரை இரண்டு மணிக்கு ஒருமுறை எடுங்கள். இது என் நோட்டிலிருந்து:

காலை 7 – 340
9 – 290
11 – 210
பகல் 1 – 140
3 – 120
5 – 190
மாலை 7 – 310

340ஐ மட்டும் பார்த்தால் மருந்து போதவில்லை என்று தோன்றும். ஆனால் பகலில் இறங்கிய அடிமட்டம் 120. அந்த அடிமட்டம் 80க்கும் 150க்கும் நடுவில் இருந்தால் அளவு சரி என்பதே பொதுவான கணக்கு. இந்த நோட்டைப் பார்த்து யூனிட்டை ஏற்றியிருந்தால் பகல் 3 மணிக்கு முத்து மயங்கி விழுந்திருப்பான். கிளார்ஜினுக்கு அடிமட்டம் பெரும்பாலும் நாலிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வரும், பூனைக்குப் பூனை மாறும். உங்கள் பூனைக்கு அது எப்போது என்று தெரிந்துவிட்டால், மற்ற நாட்களில் ஊசிக்கு முன் ஒன்று, அந்த நேரத்தில் ஒன்று எடுத்தாலே நிறையப் புரியும்.

தோலில் ஒட்டும் சென்சார் மனிதர்களுக்கு வருகிறதே, அதைப் பூனைக்கும் ஒட்டுகிறார்கள். ரோமத்தை மழித்து ஒட்ட வேண்டும். 14 நாள் என்று போட்டிருந்தாலும் பூனை அதற்கு முன்பே உருட்டித் தள்ளிவிடுவது உண்டு. இரவு நேரத்து எண்கள் தெரிவதால், வசதி இருந்தால் ஒரு முறையாவது போட்டுப் பாருங்கள்.

இப்போது அந்த இரவைச் சொல்கிறேன். ஒரு மாலை மீட்டர் 390 காட்டியது. பயந்துபோய், யாரையும் கேட்காமல் 2 யூனிட்டை 3 ஆக்கினேன். நள்ளிரவு 1 மணிக்குக் கட்டிலுக்கு அடியில் தலை ஆட, கால் பின்ன நின்றான். கண்ணின் பாவை முழுக்க விரிந்திருந்தது. 43. தேனை ஈறில் தடவித் தடவி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை காதைக் குத்தி, விடியும்வரை மடியில் வைத்திருந்தேன். காலையில் 420. “இறங்கினதும் ஈரல் சேமிச்சு வச்ச சர்க்கரையைக் கொட்டியிருக்கலாம், நீங்க குடுத்த தேனாவும் இருக்கலாம். 420ஐப் பார்த்து இன்னும் ஏத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்? எண்ணைத் துரத்தாதீங்கம்மா” என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில், அளவு மாறினால் அது டாக்டர் சொல்லித்தான் மாறும்; அரை யூனிட், மிஞ்சினால் ஒரு யூனிட். மாற்றிய பிறகு குறைந்தது ஐந்து முதல் ஏழு நாள் பொறுப்போம். சர்க்கரை ஒரு நாள் ஏறியிருப்பதால் பூனை செத்துவிடாது. ஒரு இரவு இறங்கினால் செத்துவிடும்.

சர்க்கரை இறங்கிவிட்டால்

அறிகுறிகள்: திடீர்ப் பசி, தள்ளாட்டம், நடுக்கம், கூப்பிட்டால் திரும்பாதது, பிறகு வலிப்பு. 70க்குக் கீழ் வந்தாலே உஷாராகுங்கள். 60க்குக் கீழ் போனால் காத்திருக்க வேண்டாம்.

சாப்பிடும் நிலையில் இருந்தால் உடனே சாப்பாடு வையுங்கள். சாப்பிடாவிட்டால் தேனையோ, கொஞ்சம் தண்ணீரில் குழைத்த குளுக்கோஸ் பொடியையோ பஞ்சுக்குச்சியால் வெளி ஈறில் தடவுங்கள். மயங்கிய பூனையின் வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வலிப்பின்போது வாய்க்குள் விரலை விடாதீர்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுங்கள். தேறியதுபோல் தெரிந்தாலும் போட்ட இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். பல மணி நேரம் கண்ணை எடுக்க முடியாது. வலிப்பு வந்தாலோ, எண் ஏறாவிட்டாலோ, தடவிக்கொண்டே வண்டியைப் பிடியுங்கள். இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்பதை இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.

சாப்பாடு

நம் வீடுகளில் பூனை வளர்வது பால் சாதத்திலும் மீன் குழம்பு பிசைந்த சோற்றிலும்தான். பூனையின் ஈரல் மாவுச்சத்தைக் கையாளப் படைக்கப்பட்டதல்ல. பூனை முழு ஊனுண்ணி. பாக்கெட்டில் வரும் உலர் தீனியிலும் மாவுச்சத்து நிறைய. பாக்கெட்டில் அதைத் தனியாக அச்சிடமாட்டார்கள், நாமே கணக்குப் போடலாம்: புரதம் 32, கொழுப்பு 12, நார் 4, சாம்பல் 8, ஈரம் 10. கூட்டினால் 66. 100இல் மீதி 34 மாவுச்சத்து. ஈரமான டின் உணவுகளில் பெரும்பாலும் இது மிகக் குறைவு.

ஆனால் இன்றே எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவையும் சடாரென்று குறையும். பழைய யூனிட்டையே போட்டால் லோ சுகர் வரும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, தினமும் அளவெடுத்துக்கொண்டு மாற்றுங்கள். வேகவைத்த கோழி மட்டுமே போதும் என்றும் நினைக்க வேண்டாம். அதில் கால்சியம் போதாது, பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்தும் குறையும். டாரின் குறைந்தால் பூனையின் இதயம் வீங்கிப் பலவீனமாகும் என்பது 1987லேயே கண்டறியப்பட்டது.

காரணம் தெரியாமல் ஏறிக்கொண்டே இருந்தால்

முதலில் பாட்டிலைப் பாருங்கள். கிளார்ஜின் தண்ணீர்போல் தெளிவாக இருக்க வேண்டும்; கலங்கியிருந்தால் தூக்கிப் போடுங்கள். உறைந்த இன்சுலினும் பயன்படாது, ஆகவே ஃப்ரீசர் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதுங்கள். சித்திரை வெயிலில் மின்தடை நீண்டால் கவனம் தேவை.

பிறகு பூனையைப் பாருங்கள். பல் சீழ், சிறுநீர்த் தொற்று, கணைய அழற்சி எல்லாம் சர்க்கரையை ஏற்றும். அரிப்புக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசியும் ஏற்றும். தீபாவளி வெடிச் சத்தத்தில் முத்துவுக்கு மூன்று நாள் 350க்குக் கீழே வரவில்லை; நாங்கள் யூனிட்டை மாற்றவில்லை, நான்காம் நாள் தானே இறங்கியது.

சாப்பிடாமை, வாந்தி, சோர்வு, வாயில் நகப்பூச்சு அழிக்கும் திரவம்போன்ற வாடை, இவை சேர்ந்து வந்தால், கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் என்ற பொருள் உடலில் ஏறியிருக்கலாம். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் கீட்டோன் ஸ்ட்ரிப் மருந்துக்கடையில் கிடைக்கும். நிறம் மாறினால் அன்றே மருத்துவமனை. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஆரம்பத்திலேயே நன்றாகக் கட்டுப்பட்டால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போவதும் உண்டு. முத்து இப்போது 2 யூனிட்டிலிருந்து 1 யூனிட்டுக்கு வந்திருக்கிறான். குதி தரையில் படிவது நின்றுவிட்டது. ஜன்னல் திண்டுக்கு மறுபடி தாவுகிறான்.

பயன்படுத்திய ஊசிகளை மூடி போட்ட கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேருங்கள். நிறைந்ததும் டாக்டரிடமே கொடுத்துவிடலாம். குப்பை அள்ள வருபவர் கையில் அது குத்தக் கூடாது.