வசந்தகால முன்னறிவிப்பைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வார நடுவில் குளிர் முகப்பு ஒன்று கடக்கும், வார இறுதியிலிருந்து வெப்பநிலை படிப்படியாக உயரும்." ஏப்ரல், மே மாதங்களில் கனடாவின் தென் ஒன்ராறியோவுக்கான வானிலை முன்னறிவிப்பு பல வாரங்களில் இப்படித்தான் வரும். நீண்ட குளிரில் சலித்துப்போன நமக்கு இதன் பிற்பாதி மட்டுமே காதில் விழுகிறது. ரொறன்ரோவின் ஏரிக்கரைப் பகுதியான ஸ்காபரோவிலும் அதற்கு வடக்கே உள்ள மார்க்கம் நகரிலும் அவசரமாக வெளியே நடப்பட்டுக் கருகிப்போகும் மிளகாய்க் கன்றுகள் பலவற்றை முற்பாதியையும் படித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம்.

அன்றைய உச்ச வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு வீட்டிலிருந்து கிளம்புவது முதல் தவறு. குளிர் முகப்பு என்பது முன்னேறி வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு. கனமான அந்தக் காற்று, வெதுவெதுப்பான காற்றின் அடியில் புகுந்து அதை மேலே தள்ளுகிறது. முகப்பு வந்து சேரும்வரை தெற்கிலிருந்து இதமான காற்று வீசும். அது கடந்ததும் காற்று வடமேற்குக்குத் திரும்பிவிடும்; ஓரிரு மணி நேரத்தில் பத்துப் பாகை (செல்சியஸ்) இறங்குவதும் உண்டு. முற்பகலில் முகப்பு கடந்தால் "உச்சம் 19" என்பது பதினொரு மணிக்கே முடிந்துபோகும். மெல்லிய சட்டையோடு பள்ளிக்குப் போன பிள்ளை 7 பாகைக் காற்றில் பஸ்ஸுக்காக நிற்கும். முன்னறிவிப்பில் "பிற்பகலில் வெப்பநிலை குறையும்" என்றொரு சிறு தொடர் இருக்கிறதா என்று தேடுங்கள். அன்றைய நாளில் அதைவிட முக்கியமான செய்தி இல்லை.

முகப்புக்கு முன்னால் வரும் அந்த இதமான காற்றையும் முழுதாக நம்ப முடியாது. ஈரம் மிகுந்திருந்தால் அதிலிருந்துதான் இடிமேகங்கள் எழுகின்றன. 2022 மே 21, விக்டோரியா தின (மே 25க்கு முந்திய திங்கட்கிழமை விடுமுறை) நீண்ட வார இறுதியின் சனிக்கிழமை. வெப்பமும் ஈரமும் நிறைந்த அன்று எழுந்த இடிமழைத் தொடர் தென் ஒன்ராறியோவின் குறுக்கே ஒட்டாவாவரை மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. பத்துப் பேராவது உயிரிழந்தார்கள். இடிமழை எச்சரிக்கை கைபேசியில் ஒலித்தால் வீட்டுக்குள் போய்விடுங்கள்.

அடுத்த தவறுதான் தோட்டக்காரர்களை அதிகம் வருத்துவது. முகப்பு கடந்துவிட்டது, வானம் தெளிந்துவிட்டது, வெயிலும் அடிக்கிறது, இனிப் பயமில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். உண்மையில் முகப்பின் பின்னால் வரும் உயர் காற்றழுத்தம்தான் உறைபனிக்கு வழி திறக்கிறது. முதல் இரவில் காற்று பலமாக வீசி, மேலும் கீழுமுள்ள காற்றைக் கலந்துகொண்டே இருக்கும். இரண்டாம் இரவில் காற்று அடங்கிவிடும்; வெப்பத்தைத் தடுத்து நிறுத்த மேகமும் இராது. பகலில் நிலம் சேர்த்துவைத்த சூடெல்லாம் வானுக்குப் போய்விட, குளிர்ந்து கனத்த காற்று தரையோடு படியும். அமைதியான அந்த இரண்டாம் இரவில் கன்றுகள் கருகும்.

இங்கே எண்ணும் நம்மை ஏமாற்றும். முன்னறிவிப்பில் சொல்லப்படும் வெப்பநிலை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில், நிழலில் அளக்கப்படுவது. தெளிந்த, காற்றில்லாத இரவில் புல்மட்டத்தில் அதைவிட மூன்று நான்கு பாகை குறைவாக இருக்கலாம். ஆகவே "இரவில் 3 பாகை" என்று படித்தால் உறைபனி வரக்கூடும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் மறையும் முன்பே பழைய போர்வையால் கன்றுகளை மூடி, அதன் விளிம்பு தரையைத் தொடும்படி விடுங்கள். மண்ணின் சூடுதான் இலையைக் காக்கிறது. பிளாஸ்டிக் தாள் இலையில் நேரடியாக ஒட்டினால் ஒட்டிய இடம் கருகும். காலையில் போர்வையை எடுக்க மறக்கக்கூடாது.

வெப்பநிலை உயரத் தொடங்கியதும் குளிர்காலம் முடிந்ததாக எண்ணுவதன் விலையை 2012இல் இந்த மாகாணம் கண்டது. அந்த மார்ச் மாத நடுவில் பல நாள்கள் 20 பாகையைத் தாண்டின. அப்பிள் மரங்கள் பல வாரங்கள் முந்தியே மொட்டுவிட்டன. ஏப்ரலில் உறைபனி திரும்பி வந்தது. ஒன்ராறியோவின் அப்பிள் விளைச்சலில் ஏறத்தாழ 80 சதவீதம் அழிந்தது. முழுதாய்ப் பூத்திருக்கும் அப்பிள் மரம் -2 பாகையில் பத்தில் ஒரு பங்கு பூவை இழக்கும். -4 பாகையில் பத்தில் ஒன்பது பங்கு போய்விடும். இரண்டே பாகை வித்தியாசம்! நயாகராத் திராட்சைத் தோட்டங்களில் உயரமான காற்றாடிகளை நிறுத்தி, மேலே தங்கியிருக்கும் சற்றுச் சூடான காற்றைக் கீழே இழுத்துவிடுகிறார்கள் என்றால் அது இந்த இரண்டு பாகைக்காகத்தான்.

நமக்கு அத்தனை ஏற்பாடு வேண்டாம், பொறுமை போதும். தக்காளியை விக்டோரியா தினத்துக்குப் பிறகு நடலாம். கத்தரியும் மிளகாயும் இரவு 10 பாகைக்குக் கீழே போகாத நாள் வரும்வரை காத்திருக்கட்டும். தொட்டியில் வளரும் கறிவேப்பிலையைப் பகலில் வெளியே வைத்து, மாலையில் உள்ளே எடுங்கள். முதல் சில நாள்கள் நிழலிலேயே இருக்கட்டும். ஜன்னலோரம் வளர்ந்த இலை நேரடி வெயிலையும் தாங்காது.

ஒரே எண்ணை நகரம் முழுவதற்கும் பொருத்துவதும் பிழைதான். வசந்தத்தில் ஒன்ராறியோ ஏரியின் நீர் குளிர்ந்தே கிடக்கும். ஏரியிலிருந்து காற்று வீசினால், மார்க்கத்தில் 20 பாகையாக இருக்கும் அதே வேளையில் ஸ்காபரோ கரையோரத்தில் 10 பாகைதான் இருக்கும். இரவில் இது தலைகீழாக மாறும்: கரையோரத்தை ஏரி ஓரளவு காக்கும், வடக்கே உள்ள திறந்த வெளிகளில் முதலில் உறைபனி விழும்.

"மழைக்கு 40 சதவீத வாய்ப்பு" என்றால் நாளின் 40 சதவீத நேரம் பெய்யும் என்று பொருளல்ல. முன்னறிவிப்புப் பகுதியில் எந்த ஓர் இடத்தை எடுத்துக்கொண்டாலும், அங்கே அளக்கக்கூடிய அளவு, அதாவது 0.2 மில்லிமீற்றராவது, மழை விழுவதற்கான வாய்ப்பு அது. எவ்வளவு நேரம், எத்தனை பலமாக என்பதை அந்த எண் சொல்வதில்லை. "வழக்கத்தைவிட வெப்பமான வாரம்" என்ற நீண்டகாலக் கணிப்பும் அப்படியே. வாரம் முழுவதன் சராசரியைத்தான் அது பேசுகிறது. அந்த ஏழு நாளுக்குள் ஓர் உறைபனி இரவு ஒளிந்திருக்க இடமுண்டு.

கடைசியாக, பிள்ளைகளோடு ஏரிக்குப் போகிறவர்களுக்கு. மே மாதத்தில் காற்று 25 பாகையைத் தொடும் நாளிலும் ஏரிநீர் பத்துப் பாகைக்கும் கீழே இருக்கக்கூடும். அதில் தவறி விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இராது. ஏறத்தாழ பத்து நிமிடங்களில் கைகால்கள் செயலிழக்கத் தொடங்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இதுவே கதி. படகில் ஏறும் ஒவ்வொருவரும், பெரியவர்களும்கூட, உயிர்காப்பு அங்கியை அணிந்து பட்டியை இறுக்கிக்கொண்ட பிறகே கரையை விட்டுப் புறப்படுங்கள்.