நொண்டும் மாட்டின் தீனியைப் பாருங்கள்

மாரி தொடங்கினால் எங்கள் செங்கலடிப் பக்கத்தில் மாடுகள் நொண்டத் தொடங்கிவிடும். எல்லாரும் சேற்றைத்தான் திட்டுவோம். நானும் திட்டினேன், ஜேர்சிக் கலப்புப் பசு சிவலையின் பின்னங்காலைத் தூக்கிப் பார்க்கும் வரைக்கும். வெளிக்குளம்பில் சாணியை வழித்து, அடியைக் கத்தியால் மெல்லச் சீவினேன். வெற்றிலை துப்பியதுபோல ஒரு சிவப்புக் கறை. உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது.

மிருக வைத்தியர் வந்து, "ரெண்டு மாசத்துக்கு முந்தி என்ன தின்னக் குடுத்த நீங்க அண்ணே?" என்றார். கன்று போட்ட புதிது, பால் கூடட்டும் என்று கலியாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அரைக் கிடாரம் வைத்திருந்தேன்.

சோறு, தவிடு, சோளம் எல்லாம் வயிற்றில் சீக்கிரம் புளிக்கும். புளிப்பு மிஞ்சினால் குளம்புக்குள் இருக்கும் உயிர்த்தசை வீங்கும். குளம்பு மாதத்துக்கு 5 மில்லிமீற்றர் அளவில்தான் வளரும். அதனால்தான் அன்றைய கறை இவ்வளவு நாள் கழித்து வெளியே வருகிறது.

இப்போது காலையில் முதலில் வெட்டின புல் அல்லது வைக்கோல்தான். அப்புறம் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும், ஒரு வேளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இல்லை, நாளுக்கு மூன்று தரம். கன்று ஈன்றபின் இரண்டு மூன்று கிழமையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுகிறேன். மத்தியானம் கொட்டிலை எட்டிப் பார்ப்பேன். படுத்திருப்பவற்றில் பாதிக்கு மேல் அசைபோட வேண்டும். அசைபோடாமல், சாணியும் நுரைத்துத் தண்ணீராய்ப் போனால் அன்றைக்கே தவிட்டைக் குறைத்துவிடுங்கள்.

அடுத்தது படுக்கை. பசு ஒரு நாளில் 12 மணித்தியாலமாவது படுக்க வேண்டும். ஈரக் கொங்கிரீட்டில் படுக்க மனமில்லாமல் சிவலை இரவெல்லாம் நின்றாள், பின்னங்கால் இரண்டும் சாணிக் கானுக்குள். பாரம் முழுக்கக் குளம்பில். ஊறின குளம்பு கல்லுக்கும் தாங்காது. நான்கு அங்குலத்துக்குத் தும்புச்சோறு (தேங்காய் மட்டைத் தூள்) பரப்பினேன், நனைந்ததைக் காலையில் அள்ளிவிடுவேன். தரை மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் சரிவாக இருந்தால் மூத்திரம் தேங்காது. வழுக்கும் தரையில் கோடு வெட்டுங்கள். புதுக் கொங்கிரீட் அரம்போல் அராவும், தேய்த்துவிட்டே மாட்டைக் கட்டுங்கள்.

மாரியில் கிழமைக்கொரு தரம், 10 லீற்றர் தண்ணீருக்கு அரைக் கிலோ மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று) கரைத்து, கழுவின காலை அதில் நனைக்கிறேன். பிறகு அரை மணித்தியாலம் காய்ந்த தரையில் நிற்க வேண்டும். மாடு அதைக் குடிக்கவே கூடாது. மிச்சத்தைக் குளத்திலோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள்.

குளம்பு சீவுவது வருடத்துக்கு இரண்டு தரம், ஒன்று மாரிக்கு முன். விரலிடை வீங்கி நாறினால் கத்தியைக் கீழே வையுங்கள், வைத்தியரைக் கூப்பிடுங்கள். சிவலைக்கு அவர் நல்ல உள்குளம்பில் ஒரு மரக்கட்டையை ஒட்டினார், நோவுள்ள குளம்பு நிலத்தில் படாமல் இருக்க. ஒரு மாதம் அந்தக் கட்டையோடு டொக் டொக்கென்று நடந்தாள்.