தங்கி வேலை பார்க்க ஆள் தேடுகிறீர்களா? முதலில் ஒரு வாரம் நேரத்தைக் குறித்து வையுங்கள்

என் மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள ஒருவரை அவசரமாகச் சேர்த்தோம். நேர்காணல் என்று சொல்லிக்கொள்ள எதுவும் நடக்கவில்லை. சமையல் தெரியுமா, எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க, எப்போது வர முடியும் என்று மூன்று கேள்விதான் கேட்டோம். மூன்றாவது வாரம் அவர் பையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "அக்கா, பகல் வேலை எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை. ராத்திரி மூணு தடவை எழுந்திரிக்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றார்.

உண்மைதான், நான் சொல்லவில்லை. இரவில் எழுந்திருப்பதும் வேலை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த முகம் இன்னும் மனதில் இருக்கிறது. தூங்காத கண்கள், ஆனாலும் குரலில் கோபம் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு பேரைச் சேர்த்திருக்கிறேன். ஒருவர் நான்கு வருடம் இருந்தார். இப்போது இருப்பவருக்கு இது இரண்டாவது வருடம். ஆள் தேடுகிற தோழிகள் கேட்கும்போது சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வந்தவர் போன பிறகு எட்டு நாள் உதவிக்கு ஆளில்லை. எல்லா வேலையையும் நானே செய்தேன். கட்டில் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து நேரத்தை எழுதினேன். காலை 5.50, படுக்கை விரிப்பு மாற்றினேன். 6.30, உடம்பு துடைத்து உடை மாற்றினேன். இப்படியே போய், இரவு 11.15 கழிப்பறை, 2.05 கழிப்பறை, 4.30 தண்ணீர் கேட்டார். எட்டாம் நாள் கூட்டிப் பார்த்தால், பகலில் ஒன்பது மணி நேரம், இரவில் எழுந்து செய்தது ஒரு மணி நேரம், ஆக நாளுக்குப் பத்து மணி நேரம். நேர்காணலுக்கு முன் நீங்களும் இதைச் செய்யுங்கள். என்ன வேலைக்கு ஆள் வேண்டும் என்பதே அப்போதுதான் தெரியும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள, பெரியவரைப் பார்த்துக்கொள்ள, வீடு முழுக்கச் சுத்தம் செய்ய, சமைக்க என்று நாலு வேலையையும் ஒருவர் தலையில் வைக்கிறோமா என்பதும் அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

நேர்காணலுக்கு வருபவரை உட்காரச் சொல்லுங்கள். நீங்களும் அதே உயர நாற்காலியில் உட்காருங்கள். வீட்டில் உள்ள ஐந்து பேரும் சுற்றி நின்று கேள்வி கேட்டால் அவருக்குப் பேச்சே வராது, ஒருவர் பேசினால் போதும். நான் முதலில் அந்த நோட்டுப் பக்கத்தைத்தான் படித்துக் காட்டுவேன், இரவு நேரத்தையும் சேர்த்து. ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "எனக்கு ராத்திரி தூக்கம் கெட்டா தலைவலி வந்துடும்மா, வேண்டாம்" என்று எழுந்து போனார். இரண்டு பேருக்குமே நல்லதாகப் போயிற்று.

அப்புறம் அவர் தங்கப்போகிற அறையைக் காட்டுங்கள். வீட்டு வேலை செய்பவர்களுக்கென்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011-ல் கொண்டுவந்த 189-ஆம் ஒப்பந்தம் 2013-ல் நடைமுறைக்கு வந்தது. அதோடு சேர்ந்த 201-ஆம் பரிந்துரை, தங்கி வேலை செய்பவருக்குக் காற்றோட்டமுள்ள தனி அறை, கதவுக்குப் பூட்டு, அதன் சாவி அவர் கையில் என்று தெளிவாகச் சொல்கிறது. நாங்கள் பழைய சாமான்கள் கிடந்த சின்ன அறையை ஒழித்துக் கொடுத்தோம். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டோம். நான்கு வருடம் இருந்தவர், அறையைப் பார்த்ததும் முதலில் அந்தத் தாழ்ப்பாளைத்தான் இழுத்துப் பார்த்தார்.

நேர்மையானவரா, பொறுமைசாலியா என்றெல்லாம் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். நடந்த கதையைக் கேளுங்கள். "போன வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும், காலையிலிருந்து சொல்லுங்கள்" என்பது நல்ல தொடக்கம். பெரியவர் தட்டைத் தள்ளிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு ஒருவர் சொன்னார்: "தட்டை எடுத்துட்டுப் போயிடுவேன். அரை மணி கழிச்சு வேற எதாவது பேசிக்கிட்டே கொண்டு வருவேன். கட்டாயப்படுத்தினா அடுத்த வேளையும் சாப்பிட மாட்டாங்க." வேலை தெரிந்தவரின் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

அவரையே படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றிக் காட்டச் சொன்னேன். முதலில் நாற்காலியின் பிரேக்கைப் போட்டார். கால்மிதியை மடக்கினார். "அம்மா, இப்போ எழுப்பப்போறேன், என் தோளைப் பிடிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மாமியார் மேல் கையை வைத்தார். அவர் போன பிறகு, "இந்தப் பொண்ணு வரட்டும்" என்றார் மாமியார். யாரைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறோமோ, அவருடைய சம்மதம் கட்டாயம் வேண்டும்.

கேட்கக் கூடாத கேள்விகளும் உண்டு. பிள்ளை பெறும் எண்ணம் இருக்கிறதா என்பது நம் வேலையில்லை. கர்ப்பப் பரிசோதனை, எச்.ஐ.வி. பரிசோதனை இரண்டையும் யாரையும் கட்டாயப்படுத்திச் செய்யவைக்கக் கூடாது என்று அந்தப் பரிந்துரையிலேயே இருக்கிறது.

கடைசிப் பதினைந்து நிமிடத்தை அவருக்கு விடுங்கள். அவர் ஒன்றும் கேட்காவிட்டால், தயக்கம் என்று புரிந்துகொண்டு நீங்களே சொல்லுங்கள்: போன் அவர் கையிலேயே இருக்கலாம், விடுமுறை இந்த நாள், சொந்தக்காரர்கள் பார்க்க வரலாம். முன்பு வேலை செய்த வீட்டுக்குப் போன் செய்வதென்றால் அவரிடம் அனுமதி வாங்கிச் செய்யுங்கள். அங்கே "அவர் திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா?" என்ற ஒரு கேள்வி போதும். பிறகு இரண்டு நாள், ஓர் இரவையும் சேர்த்து, இருந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு நாளுக்கும் முழுச் சம்பளம் கொடுத்துவிடுங்கள்.

இனி சம்பளம். இங்கேதான் நிறையப் பேர் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். "தங்க இடம், சாப்பாடு எல்லாம் கொடுக்கிறோம், அதனால் குறைத்துக் கொடுக்கலாம்" என்கிறார்கள். அவர் நம் வீட்டில் தங்குவது நமக்குத் தேவைப்படுவதால்தான். அவருக்கு வேறு வீடு இருக்கிறது, அதன் வாடகையையும் பிள்ளைகள் செலவையும் இந்தச் சம்பளத்திலிருந்துதான் அனுப்புவார். அறைக்கும் சாப்பாட்டுக்கும் நாங்கள் ஒரு பைசா பிடித்ததில்லை.

நான் போட்ட கணக்கு இது. நீங்கள் இருக்கும் இடத்தில், காலையில் வந்து மாலையில் போகிற ஒருவருக்கு நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 26 நாள் வேலைக்கு எவ்வளவு என்று மூன்று நான்கு இடத்தில் விசாரியுங்கள். கொடுப்பவர்களை மட்டும் கேட்காமல் வாங்குபவர்களையும் கேளுங்கள். அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருந்தால், அதற்குக் கீழே பேச்சே கிடையாது. அந்த வேலை மாதம் 208 மணி நேரம். எங்கள் வீட்டு வேலை நாளுக்குப் பத்து மணி, மாதம் 260. அதிகப்படியான 52 மணி நேரத்துக்கு ஓவர்டைம்போல ஒன்றரை மடங்கு வைத்தேன். அது 78 மணி நேரக் கூலியாகிறது. மொத்தம் 286. அதாவது, வந்து போகிறவர் சம்பளத்தைப்போல ஏறக்குறைய 1.4 மடங்கு. இதற்கு மேல், கூப்பிட்டால் எழுந்து வர வேண்டும் என்று அரைத் தூக்கத்தில் கிடக்கிற நேரத்துக்கு இரவுப்படியாக ஒரு தொகை சேர்த்தோம். தன் விருப்பப்படி செலவிட முடியாமல், அழைப்புக்குக் காத்திருக்கும் நேரத்தையும், அந்தந்த நாட்டுச் சட்டம் வகுக்கும் அளவுக்கு, வேலை நேரமாகக் கருத வேண்டும் என்றுதான் 189-ஆம் ஒப்பந்தமும் சொல்கிறது.

தொகையை நீங்களே முதலில் சொல்லுங்கள், கணக்கையும் காட்டுங்கள். "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க" என்று கேட்டால், கஷ்டத்தில் இருப்பவர் வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்து குறைத்துத்தான் சொல்வார். அந்தப் பயத்தில் நமக்கு லாபம் வேண்டாம்.

பிடித்தம் பற்றியும் முதலிலேயே பேசிவிடுங்கள். கைதவறி உடைந்த பாத்திரத்துக்குச் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது. ஏஜென்சி மூலம் வந்தால், அவர்களுடைய கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டும், அவர் சம்பளத்திலிருந்து போகக் கூடாது. முன்பணம் கேட்டால் கொடுங்கள், ஆனால் எத்தனை மாதத்தில், மாதம் எவ்வளவு கழிக்கப்படும் என்று எழுதிக்கொள்ளுங்கள். கடன் தீரும்வரை போக முடியாது என்ற நிலைக்கு யாரையும் தள்ளிவிடாதீர்கள்.

வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரம் விடுமுறை. எங்கள் வீட்டில் சனிக்கிழமை மாலை 6-லிருந்து ஞாயிறு மாலை 6 வரை. அந்த நேரத்தில் அவர் வெளியே போகாமல் அறையிலேயே படுத்திருந்தாலும் விடுமுறை விடுமுறைதான், ஒரு டம்ளர் தண்ணீருக்குக்கூட நாங்கள் கூப்பிடுவதில்லை.

பேசியதையெல்லாம் அவருக்குத் தெரிந்த மொழியில் ஒரே பக்கத்தில் எழுதி, வாசித்துக் காட்டி, இரண்டு பிரதியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். வேலைகள், நேரம், சம்பளம், கொடுக்கும் தேதி, விடுமுறை, வேலையை விடுவதானால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. கடைசி விஷயம் இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும். அடையாள அட்டையும் பாஸ்போர்ட்டும் அவரிடமே இருக்க வேண்டும், "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று நீங்கள் வாங்கி வைக்காதீர்கள்.

வருடத்துக்கு ஒரு முறை சம்பளத்தை உயர்த்துகிறோம். வேலை கூடினால் வருடம் முடியும்வரை காத்திருப்பதில்லை. போன வருடம் மாமியார் முழுக்கப் படுக்கையாகிவிட்டபோது நோட்டை மறுபடி எடுத்தோம். இந்த முறை அதில் எழுதியது அவரைப் பார்த்துக்கொள்பவர். ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்து கொடுத்தார். இரவு மூன்று தடவை என்பது ஐந்தாகியிருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்து, பழைய தாளில் அந்தத் தொகையை அடித்துப் புதியதை எழுதி, பக்கத்தில் தேதி போட்டோம்.