வெள்ளைத் திட்டைப் பார்த்ததும் டியூப் வாங்க ஓடாதீர்கள்

தோல் ஓ.பி.யில் இது தினப்படிக் காட்சி. வருகிறவர் முதலில் பிதுக்கித் தீர்த்த நாலைந்து டியூப்களை மேசையில் வைப்பார். அப்புறம்தான் திட்டைக் காட்டுவார். சொறியக்கூடாது, அடுத்தவர் துண்டை வாங்கித் துடைக்கக்கூடாது என்பதெல்லாம் வீட்டுப் பெரியவர்களே சொல்லியிருப்பார்கள். விட்டுவிடுகிறேன்.

தொட்டுப் பார்க்காமல் தடவுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கொத்தனார் ஒருவர் வந்தார். முழங்கைக்குக் கீழே வெளிறிய திட்டு. அரிப்பில்லை, செதிலில்லை. தேமல் என்று மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த களிம்பை ஒரு வருஷத்துக்கு மேலாகத் தடவியிருக்கிறார். என்னிடம் வந்ததும் திட்டுக்காக இல்லை. கொத்துக் கரண்டி பிடியில் நிற்கவில்லையாம். சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கத் தொடங்கியிருந்தன.

கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து நுனியால் திட்டைத் தொட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்து, "இன்னும் தொடலையா டாக்டர்?" என்றார். முழங்கைக்குப் பின்னால் நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது. தொழுநோய்.

இதற்கான கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் சாப்பிட வேண்டும். கிருமி செத்துவிடும். ஆனால் நாள்பட்டுச் செயலிழந்த நரம்பு பழையபடி மீள்வது அரிது. அரை நிமிடப் பஞ்சுச் சோதனையை அதுவரை ஒருவரும் செய்யவில்லை!

நீங்களே செய்யலாம். கண்ணை மூடியவரிடம், தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். பக்கத்து நல்ல தோலிலும் தொட்டு ஒப்பிடுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். முகத்துத் திட்டில் உணர்ச்சி இருந்தாலும் தொழுநோய் இல்லையென்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

தேமல் போகவில்லையென்று மறுபடி மறுபடி மருந்து

மார்பிலும் முதுகிலும் வரும் பூஞ்சைத் தேமல், கீறினால் பொடிச் செதிலாக உதிரும். பூஞ்சை செத்த பிறகும் நிறம் திரும்ப மாதக்கணக்காகும். செதில் நின்றுவிட்டதா? சரி, பொறுங்கள்.

பிள்ளையின் கன்னத்துத் திட்டுக்குக் குடற்பூச்சி மருந்து

வேண்டாம். அது பெரும்பாலும் வறண்ட தோல், வாசலின் போதும்.

மீனும் தயிரும்

சேர்த்துச் சாப்பிட்டால் வெண்புள்ளி வரும் என்பார்கள். வராது, சாப்பிடுங்கள்.

கார்போகரிசி எண்ணெயும் உச்சி வெயிலும்

பால்வெள்ளையாக, ஓரம் தெளிவாக இருக்கும் வெண்புள்ளிக்கு இதைத் தடவிக்கொண்டு வெயிலில் நிற்கிறார்கள். அந்த விதையிலுள்ள சோரலென் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கும். கொப்புளம் வந்த இடத்திலேயே புதுத் திட்டும் கிளம்பலாம். அளந்து கொடுக்கும் 311 நானோமீட்டர் புற ஊதா ஒளிச் சிகிச்சை இருக்கிறது. வாரம் 2, 3 முறை, பல மாதம். நிறம் மயிர்க்கால்களைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகத் திரும்பும். முகத்தில் நன்றாக வரும், விரல் நுனியில் பிடிவாதம் பிடிக்கும்.

ஸ்டிக்கர் பொட்டு

பொட்டு ஒட்டும் இடம் மட்டும் வெளுத்தால் பசையிலுள்ள ரசாயனத்தைச் சந்தேகப்பட்டு, ஒட்டுவதை நிறுத்துங்கள். வெளுப்பை மறைக்க இன்னும் பெரிய பொட்டாக வாங்கி ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்.