இன்சுலின் செலவு: பெட்டி விலையை விடுங்கள், யூனிட் கணக்கைப் போடுங்கள்

அப்பாவுக்கு இன்சுலின் ஆரம்பித்த புதிதில், மெடிக்கலில் நின்றுகொண்டு ஒரு குப்பியின் விலையையும் ஒரு கார்ட்ரிட்ஜின் (பேனா மாதிரி இருக்கும் 'பென்' என்ற ஊசிக் கருவிக்குள் போடும் சின்ன மருந்துக் குழாய்) விலையையும் பார்த்து எது மலிவு என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்த்தால் ஒன்றும் விளங்காது, இரண்டிலும் இருக்கும் மருந்தின் அளவே வேறு.

நம் ஊரில் 10 மில்லி குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், ஆக மொத்தம் 400. கார்ட்ரிட்ஜ் 3 மில்லிதான், ஆனால் மில்லிக்கு 100, ஆக 300. எம்ஆர்பியை இந்த எண்ணால் வகுத்தால் ஒரு யூனிட் என்ன விலை என்று தெரிந்துவிடும். (சிரிஞ்சும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும்: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு. மாற்றிப் போட்டால் டோஸே தப்பிவிடும்.)

அடுத்தது மாதக் கணக்கு. காலை 18, இரவு 12 என்றால் நாளுக்கு 30, மாதம் 900, மூன்று கார்ட்ரிட்ஜ் சரியாகப் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் பென்னில் ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் காற்றை வெளியேற்ற 2 யூனிட் தள்ளுகிறோமே, அது மாதத்துக்கு 120, நாலாவது கார்ட்ரிட்ஜைத் திறக்க வேண்டியதுதான். மிச்சம் பிடிக்கிறேன் என்று காற்றை வெளியேற்றுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள், டோஸ் குறைந்துபோகும். நீடில் செலவு தனி.

யூனிட் விலையில் குப்பி மலிவாக இருந்தாலும், டோஸ் குறைவு என்றால் கணக்கு தலைகீழாகும். தினம் 8 யூனிட் மட்டும் போடுபவருக்கு ஒரு குப்பி 50 நாள் வர வேண்டும். ஆனால் திறந்த இன்சுலின் பலவற்றுக்கு 28 நாள்தான் கெடு (சிலவற்றுக்கு ஆறு வாரம், உள்ளே இருக்கும் தாளைப் படியுங்கள்). 28 நாளில் 224 யூனிட் போயிருக்கும், மீதி 176 குப்பையில். பென்னில் காற்றுக்கான 2 யூனிட்டையும் சேர்த்து அதே 28 நாளில் 280 போகும், கார்ட்ரிட்ஜில் மீதி 20தான். மலிவான குப்பி எல்லோருக்கும் மலிவு இல்லை.

சரி, விலை ஏன் இவ்வளவு வித்தியாசப்படுகிறது? சாதாரண ஹியூமன் இன்சுலினும் (நம் உடலில் சுரப்பதைப் போலவே தயாரிக்கும் பழைய வகை), அதன் 30/70 கலவையும் (வேகமாக வேலை செய்வது 30 சதவீதம், மெதுவாக வேலை செய்வது 70 சதவீதம்) அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் அரசு உச்சவரம்பு விலை வைத்திருக்கிறது, 2022-இல் கிளார்ஜினும் (நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் புதிய வகை) அதில் சேர்ந்தது. பட்டியலில் இல்லாத புதிய வகைகளுக்கு அந்த வரம்பு இல்லை, ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது மட்டும்தான். அதனால் டாக்டரிடம் கூச்சப்படாமல், "இதற்குப் பதில் ஹியூமன் இன்சுலின் போட்டால் சரிவருமா?" என்று கேளுங்கள். எல்லோருக்கும் சரிவராது, இரவில் சர்க்கரை இறங்குகிறவர்களுக்குப் புதியதே நல்லதாக இருக்கலாம். நீங்களாக மாற்றவே கூடாது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகவே கிடைக்கிறது, அங்கே என்ன வகை தருகிறார்கள் என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

அப்புறம், தள்ளுபடி கிடைக்கிறதே என்று மொத்தமாக வாங்கிக் குவிப்பவர்கள் காலாவதித் தேதியைப் பார்த்து, ஃப்ரீசரை ஒட்டாமல் வையுங்கள். ஒரு முறை உறைந்துவிட்டால் உருக்கியெல்லாம் போட முடியாது, தூக்கித்தான் போட வேண்டும்.