புது சென்சார் போட்டும் அதே லைட் எரிகிறதா?

செக் இன்ஜின் லைட் எரிகிறது. ஸ்கேனரில் ஒரு எரர் கோடு (கோளாறு எண்) வருகிறது. கோடில் பெயர் வந்த சென்சாரைக் கடையில் வாங்கி மாட்டியாகிவிட்டது. இரண்டே நாளில் அதே லைட். முதலிலேயே கோளாறு வயரில் இருந்ததா, இல்லை புதிதாக வந்ததே டூப்ளிகேட்டா என்று இனிப் பிரித்துப் பார்ப்பது பெரும்பாடு. அதனால் பழைய சென்சாரைத் தூக்கிப் போடாதீர்கள், மெக்கானிக்கிடம் விட்டும் வராதீர்கள். புதியதை எடை போட உங்களிடம் இருக்கும் ஒரே படிக்கல் அதுதான்.

கோடு சொல்வது சர்க்யூட்டைப் பற்றி. "பி0118" என்றால் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் லைனில் வோல்டேஜ் அதிகம் என்று பொருள். சென்சார் செத்திருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், கனெக்டரில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கலாம். பிரித்தறிய ஒரு நிமிடம் போதும். கனெக்டரைக் கழற்றி இக்னிஷனை ஆன் செய்யுங்கள். ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி காட்டும். வயர் பக்கத்து இரண்டு பின்னையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். ரீடிங் 120க்கு மேல் எகிறினால் வயரும் ஈசியூவும் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) நலம், சென்சார்தான் போயிருக்கிறது. மைனஸ் 40லேயே நின்றால் எந்த சென்சார் போட்டும் பயனில்லை. இந்த வித்தையை இரண்டு பின் டெம்பரேச்சர் சென்சாரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று பின் கனெக்டரில் 5 வோல்ட் லைனை எர்த்தோடு சேர்த்தால் அதே லைனில் இருக்கும் மற்ற சென்சார்களும் படுத்துவிடும்.

புதிய கூலன்ட் சென்சாரை மாட்டும் முன் ஒரு டம்ளர் வெந்நீரில் சோதித்துவிடலாம். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு பின்னிலும் பிடியுங்கள். ஜப்பானிய, ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் வரும் சென்சார் 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம், நம் ஊர் 30 டிகிரியில் 1.7 கிலோ ஓம் காட்டும். பிறகு முனையை மட்டும் கொதிநீரில் இறக்குங்கள், கனெக்டர் நனையக் கூடாது. 80 டிகிரியில் 320 ஓம், 100க்கு அருகில் 200க்குக் கீழே வர வேண்டும். உங்கள் வண்டியின் எண்கள் வேறாக இருக்கலாம். சர்வீஸ் மேனுவலையோ நல்ல நிலையில் உள்ள பழைய சென்சாரையோ அளவாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆற ஆற ஓம் சீராக ஏற வேண்டும். நடுவில் குதித்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

டூப்ளிகேட் பெரும்பாலும் அறை வெப்பத்தில் ஒழுங்காகவே நடக்கும். சூட்டில்தான் பொய் சொல்லும். உண்மையில் 85 டிகிரி இருக்கும்போது 60 என்று காட்டினால் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என நம்பி ஈசியூ கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் சரியும், சைலன்சர் வாய் கறுக்கும். 60 டிகிரி நடக்கக்கூடிய அளவுதானே, அதனால் உடனே கோடும் விழாது. இதைப் பிடிக்க மேலே சொன்ன வெந்நீர்ச் சோதனைதான் வழி. ஆறிய நிலையிலேயே தப்பாகக் காட்டும் சென்சாரைப் பிடிக்க இன்னோர் எளிய வழி: இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் இக்னிஷனை மட்டும் போட்டுப் பாருங்கள். கூலன்ட் வெப்பமும் இன்டேக் காற்று வெப்பமும் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். மேப் சென்சார் (இன்டேக் குழாயின் காற்றழுத்தத்தை அளப்பது) உள்ள வண்டியில் அது வெளிக் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும்: சென்னையில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி, ஊட்டியில் 77 அளவில்.

இன்ஜின் சுற்றுவதைப் பல்சக்கரத்தை வைத்து ஈசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். அது கெட்டால் வரும் கோடு பி0335. டிராஃபிக்கில் சூடானதும் வண்டி நிற்கும், அரை மணி நேரம் ஆறினால் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். மலிவுச் சரக்கில் இரண்டு குறை வரும். ஒன்று நீளம். போல்ட் உட்காரும் தட்டிலிருந்து முனை வரை பழையதையும் புதியதையும் வெர்னியரில் அளந்து பாருங்கள். பல்சக்கரத்துக்கும் முனைக்கும் இடைவெளியே அரை முதல் ஒன்றரை மில்லிமீட்டர்தான். சென்சாரின் நீளம் அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் ஸ்டார்ட்டிங்கில் சிக்னல் பலவீனமாகும், கூடினால் முனை உரசும். மற்றது சூடு. இரண்டு பின் காயில் (கம்பிச்சுருள்) வகையானால் ஹேர் டிரையரில் ஐந்து நிமிடம் காட்டி ஓம் பாருங்கள். செம்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும். 30 டிகிரியில் 900 ஓம் இருந்தது 90ல் 1,100 ஆவது இயல்பு. முடிவிலி காட்டினால் உள்ளே காயில் விட்டுப்போகிறது. உள்ளே சிப் வைத்துக் காந்தப்புலத்தை உணரும் மூன்று பின் ஹால் வகைக்கு ஓம் சோதனை எதுவும் சொல்லாது.

புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரில் "யுனிவர்சல்" என்று வயரை வெட்டி ஒட்டும் வகையைத் தவிர்ப்பது நல்லது. வாங்கியே தீர வேண்டுமென்றால் கிரிம்ப் செய்யுங்கள் (உலோகக் குழலில் வைத்து நசுக்கி இணைப்பது), சால்டரிங் வேண்டாம். புகையோடு ஒப்பிடத் தேவையான வெளிக் காற்றைப் பல சென்சார்கள் வயர் வழியாகத்தான் இழுக்கின்றன, சால்டர் அந்த வழியை அடைத்துவிடும். வயர் நிறத்தை நிறத்தோடு இணைக்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். போஷில் ஹீட்டர் இரண்டும் வெள்ளை, சிக்னல் கறுப்பு. டென்சோவில் ஹீட்டர் இரண்டும் கறுப்பு, சிக்னல் நீலம். பக்கத்தில் சிலிக்கான் பேஸ்ட் எதையும் தடவாதீர்கள், அதன் ஆவியே சென்சாரைக் கெடுத்துவிடும்.

வீல் பேரிங் மாற்றியதும் ஏபிஎஸ் லைட் வந்தால் சென்சாரைக் குறை சொல்லும் முன் பேரிங்கைப் பாருங்கள். பல பேரிங்குகளில் ஒரு பக்கம் காந்த வளையம் இருக்கும், திருப்பிப் போட்டால் சிக்னலே வராது. எது எந்தப் பக்கம் என்று பார்க்க பேரிங்கின் இரு பக்கத்திலும் ஒரு சிறு இரும்பு பின்னை நெருக்கிக் காட்டினால் போதும், பின்னை இழுக்கும் பக்கம்தான் காந்த வளையம்.

எதை எங்கே வாங்குவது? டெம்பரேச்சர் சென்சார், சோதனையில் தேறினால், எந்தக் கம்பெனியானாலும் சரி. கிராங்க், ஆக்சிஜன், மாஸ் ஏர் ஃப்ளோ (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைப் பார்ப்பது) மூன்றும் ஒரிஜினல்தான். கார் கம்பெனி பெட்டிக்குப் பதில் அதைத் தயாரித்த கம்பெனியின் சொந்தப் பெட்டியில் வாங்கினால் பெரும்பாலும் விலை குறையும். ஏர் ஃப்ளோ சென்சாருக்குக் கையில் காசில்லையென்றால், புது டூப்ளிகேட்டைவிடச் சென்னைப் புதுப்பேட்டையில் கழற்றி விற்கும் பழைய ஒரிஜினல் மேல். மாட்டிய பின் ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பிளஸ் மைனஸ் 10 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பாருங்கள்.

கடையில் பழையதன் உடலில் உள்ள பார்ட் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் கொடுங்கள். பெட்டியில் உள்ள எண்ணும் சென்சார் உடலில் உள்ள எண்ணும் ஒன்றா, எம்ஆர்பி, தயாரித்த மாதம், தயாரிப்பாளர் முகவரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். "எலெக்ட்ரிக்கல் அயிட்டம் ரிட்டர்ன் கிடையாது" என்ற போர்டு பல கடைகளில் தொங்கும். ஆகவே காசு கொடுக்கும் முன்பே கவுன்டரில் மீட்டரையும் வெர்னியரையும் எடுத்துவிடுங்கள். பார்ட் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். போலி என்று தெரிந்தும் கடைக்காரர் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் செய்ய அந்த பில்தான் வேண்டும்.