செக்கர்ஸ்: தொடக்க ஆட்டமும் பொறிகளும் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிப் பக்கம் செக்கர்ஸ் கற்றுக்கொள்ள வருகிறவர் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. ஆடுபுலி ஆட்டம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். கோயில் மண்டபத் தளத்திலும் ஆற்றுப் படித்துறைக் கல்லிலும் கோடு கீறிக் கிடக்கிற அதே ஆட்டம்தான்: 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. அதை விட்டால் பள்ளிக்கூடத்தில் சதுரங்கம் ஆடியிருப்பார்கள். இரண்டும் நல்ல பயிற்சிதான், சந்தேகமில்லை. ஆனால் செக்கர்ஸில் முதல் பத்து நகர்த்தலுக்குள் காயைப் பறிகொடுக்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள், அந்த இரண்டு ஆட்டங்களின் பழக்கம்தான் பெரும்பாலும் காலை வாரியிருக்கும்.

ஆடுபுலியில் புலிக்கு வெட்ட இடம் கிடைத்தாலும் வெட்டாமல் இருக்கலாம். சதுரங்கத்திலும் அப்படித்தான். செக்கர்ஸில் அந்தச் சுதந்திரம் கிடையாது. வெட்ட வாய்ப்பு இருந்தால் வெட்டியே தீர வேண்டும். புதிதாக ஆடும் பையன்களோடு இந்தப் பேச்சு வராத நாள் இல்லை:

"மாமா, நான் அதை வெட்டல. இந்தக் காயை நகர்த்துறேன்."

"வெட்டாம இருக்க முடியாதுல. அதுக்குத்தான அங்க கொண்டாந்து வச்சிருக்கேன்."

பொறி என்று சொல்வதெல்லாம் இந்த ஒரு விதியிலிருந்துதான் பிறக்கிறது. எதிராளியின் காயை அவர் விருப்பமில்லாமலே நாம் நினைத்த கட்டத்துக்கு இழுத்துவர முடியும். அதற்கு விலையாக நம் காய் ஒன்றைக் கொடுக்கிறோம். முன்பெல்லாம் வெட்ட மறந்தால் மறந்த காயையே எதிராளி எடுத்துவிடுகிற வழக்கம் இருந்தது. இப்போதைய போட்டி விதியில் அது இல்லை, நகர்த்தியதைத் திரும்ப வைத்து வெட்ட வேண்டும், அவ்வளவுதான். சில கைபேசிச் செயலிகளில் இந்தக் கட்டாய வெட்டை நிறுத்தி வைக்க வசதி உண்டு. அதை நிறுத்திவிட்டு ஆடிப் பழகுவது பெரிய தவறு. அப்படி ஆடினால் தொடக்க ஆட்டம் என்று படிக்க எதுவும் மிஞ்சாது.

எந்த செக்கர்ஸ் என்று பார்க்காமல் படிப்பது

அடுத்த தவறு ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. யூடியூபில் ஒரு காணொளி பார்க்கிறார்கள், அதில் வரும் பொறி அற்புதமாக இருக்கிறது. இங்கே வந்து போட்டால் பலிக்கவில்லை. காரணம், அது ரஷ்ய ஆட்டமாக இருக்கும்.

நம்மிடம் செக்கர்ஸ் என்று வழங்குவது பெரும்பாலும் ஆங்கில முறை. 64 கட்டப் பலகை, ஆளுக்கு 12 காய். சாதாரணக் காய் சாய்வாக முன்னோக்கி மட்டுமே நகரும், முன்னோக்கி மட்டுமே தாண்டி வெட்டும். எதிராளியின் கடைசி வரிசையை எட்டி ராஜா ஆன காய் முன்னும் பின்னும் போகலாம், ஆனால் ஒரு கட்டம்தான். ரஷ்ய முறையிலும் பலகையும் காய் எண்ணிக்கையும் இதேதான், ஆனால் சாதாரணக் காயே பின்னோக்கி வெட்டும், ராஜா சாய்கோடு முழுக்கப் பாயும். சர்வதேச முறை இன்னும் வேறு: 100 கட்டம், ஆளுக்கு 20 காய், எந்த வழியில் அதிகக் காய் வெட்ட முடியுமோ அந்த வழியில்தான் வெட்ட வேண்டும். ஆங்கில முறையில் அந்த நிபந்தனை இல்லை. இரண்டு வழி இருந்தால் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுத்த வழியை மட்டும் முடிவுவரை வெட்டி முடிக்க வேண்டும். பின்னோக்கி வெட்டுகிற ஆட்டத்துக்காகப் போட்ட பொறியை முன்னோக்கி மட்டும் வெட்டுகிற ஆட்டத்தில் வைத்தால், காய் கொடுத்ததுதான் மிச்சம்.

இன்னொரு குழப்பம் கட்டங்களின் எண். ஆட்டம் நடப்பது 32 கறுப்புக் கட்டங்களில் மட்டும். கறுப்புக் காய் மேலே இருக்கும்படி பலகையை வைத்து, மேல் வரிசையிலிருந்து இடமிருந்து வலமாக 1 முதல் 32 வரை எண் கொடுப்பார்கள். கறுப்பு 1 முதல் 12 வரை, வெள்ளை 21 முதல் 32 வரை. முதல் நகர்த்தல் கறுப்புக்கு, இது சதுரங்கத்துக்கு நேர்மாறு. பலகையைச் சதுரங்கத்தில் வைப்பது போலவே வலக்கை மூலையில் வெள்ளைக் கட்டம் வரும்படி வைக்க வேண்டும். பழைய சதுரங்க அட்டை ஒன்றில் பேனாவால் எண் எழுதிவிட்டால் ஒரு வாரத்தில் கண் பழகிவிடும். காய்க்கு கேரம் காயை எடுக்கிறவர்கள் கவனிக்க, ஒரு நிறத்தில் 9தான் இருக்கும். மீதி மூன்றுக்குச் சோடா மூடியோ புளியங்கொட்டையோ பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓரத்தில் போய் உட்காரும் காய்

இப்போது விஷயத்துக்கு வருவோம். தொடக்கத்தில் காய் இழப்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்து இழப்பதில்லை. "நீ ஒன்று வெட்டு, நான் ஒன்று வெட்டுகிறேன்" என்று நினைத்து, கணக்குப் பிசகி இழக்கிறார்கள்.

கறுப்பு 9-14 ஆடுகிறது, அதாவது 9இல் உள்ள காயை 14க்கு நகர்த்துகிறது, நல்ல தொடக்கம். வெள்ளை 21-17 என்று காயை முன்னால் கொண்டுவந்து வைக்கிறது. 14இல் உள்ள கறுப்புக் காய் 17ஐத் தாண்டி, காலியாகிவிட்ட 21க்குப் போய் உட்காரும். வெள்ளை திருப்பி வெட்ட வேண்டும், ஆனால் முடியாது. ஏனென்றால் 21 பலகையின் ஓரம். ஓரத்தில் இருக்கும் காயைத் தாண்ட அந்தப் பக்கம் கட்டமே இல்லை. இரண்டாவது நகர்த்தலிலேயே ஒரு காய் போயாயிற்று.

கறுப்பும் இதே குழியில் விழும். 11-15, 23-19 என்று ஆன பிறகு 12-16 என்று தள்ளினால், வெள்ளையின் 19 அந்தக் காயைத் தாண்டி 12இல் போய் அமரும். அதுவும் ஓரம்தான், திருப்பி வெட்ட வழியில்லை.

ஆகவே காயைக் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வெட்டிய காய் எங்கே போய் இறங்கும் என்பது. உள்கட்டத்தில் இறங்கினால், அதற்கு எதிர்ப்பக்கம் நம் காய் தயாராக நிற்கிறதா, வெட்டியபின் நாம் இறங்கக் கட்டம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். 11-15க்கு வெள்ளை 22-18 ஆடுவது அப்படிச் சரியாக அமைந்த மாற்று, காய்க்குக் காய்: கறுப்பு 15 வெட்டி 22இல் இறங்கும், வெள்ளை 25 அதை வெட்டி 18இல் வந்து நிற்கும். இது மிகப் பழைய தொடக்கங்களில் ஒன்று. 21-17க்கும் இதற்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. இறங்குகிற கட்டம்தான் வித்தியாசம்.

பாதியில் எண்ணிக்கையை நிறுத்துவது

இதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் மோசமான தவறு. ஓர் உதாரணத்தைப் பலகையில் வைத்தே பாருங்கள்.

கறுப்பு 9-14, வெள்ளை 22-18. கறுப்பு 5-9, ஏனென்றால் 9 காலியாகக் கிடந்தால் 18 வந்து 14ஐ வெட்டிவிடும். வெள்ளை 24-19. இப்போது கறுப்பு 11-15 என்று காயை இரண்டு வெள்ளைக் காய்களுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கிறது. 19ஆல் அதை வெட்ட முடியாது, அது இறங்க வேண்டிய 10இல் கறுப்பு இருக்கிறது. 18தான் வெட்டியாக வேண்டும், வெட்டி 11இல் இறங்குகிறது. உடனே கறுப்பின் 8 கிளம்பி 11ஐத் தாண்டி 15, அங்கிருந்து 19ஐத் தாண்டி 24. ஒரே பாய்ச்சலில் இரண்டு காய்!

முதல்முறை இதைப் பார்க்கிற பையனின் முகத்தில் குற்றால சீசன் வந்துவிடும். ஒன்று கொடுத்து இரண்டு எடுத்தாயிற்று என்று எண்ணிக்கையை அங்கேயே நிறுத்திவிடுவான். ஆனால் 24இல் நிற்கும் காயை வெள்ளையின் 28 வெட்டி 19இல் இறங்கும், அல்லது 27 வெட்டி 20இல் இறங்கும். கணக்கு ஆளுக்கு இரண்டு, பலகையில் 10க்கு 10. பொறி என்று நினைத்தது வெறும் மாற்று. மாற்று கெட்டதல்ல, இந்த வரிசை முறையான ஆட்டம்தான். ஆனால் ஒரு காய் கூடுதல் என்ற நினைப்பில் அடுத்த நகர்த்தலை அலட்சியமாக ஆடுகிறானே, அங்கேதான் தோற்கிறான்.

வெட்டு முழுவதும் ஓய்ந்து, பலகையில் யாருக்கும் வெட்ட எதுவும் இல்லை என்ற நிலை வரும்வரை எண்ண வேண்டும். அதற்கு முன் காயைத் தொடவே கூடாது.

ஆடு புத்தி

ஆடுபுலியில் ஆடு வைப்பவர் ஓரப் புள்ளிகளாகத் தேடி வைப்பார், அங்கே இருந்தால் புலியால் எளிதில் தாண்ட முடியாது. அந்தப் புத்தி செக்கர்ஸுக்கும் வந்துவிடுகிறது. எல்லாக் காயும் 13, 20, 21 என்று சுவரோரம் போய் ஒண்டிக்கொள்ளும். பத்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஓரக் காய்க்கு முன்னால் ஒரே ஒரு வழிதான் உண்டு, உள்ளே இருக்கும் காய்க்கு இரண்டு. நாலைந்து காய் ஓரத்தில் முடங்கினால் நடுப்பலகை எதிராளிக்குச் சொந்தமாகிவிடும், கடைசியில் நகர்த்த நல்ல காயே இருக்காது. செக்கர்ஸில் நகர்த்த வழியில்லாதவர் தோற்றவர் என்பதை மறக்கக் கூடாது. கறுப்பு அவசரப்பட்டு 28க்கு ஒரு காயைக் கொண்டுபோனால், 32இல் வெள்ளை அசையாமல் உட்கார்ந்தே அதைப் பூட்டி வைத்துவிடும்.

முதல் நகர்த்தலுக்குக் கறுப்பின் முன் 7 வழிகள்தான் உள்ளன. அவற்றில் 11-15தான் மிகச் சிறந்தது என்பது பழைய ஆட்டக்காரர்கள் காலம்தொட்டு வருகிற கருத்து. நடுவுக்குப் போகிறது, பின்னால் 8-11 என்று தாங்கவும் காய் வருகிறது. புதியவர்கள் இதிலேயே சில மாதம் இருந்தாலும் நஷ்டமில்லை.

இன்னொரு தவறு பின்வரிசையில் நடக்கிறது. சிலர் பின்வரிசையைத் தொடவே மாட்டார்கள், நாலு காயும் கடைசிவரை அங்கேயே கிடக்கும், எட்டுக் காயை வைத்துப் போராடுவார்கள். சிலர் தொடக்கத்திலேயே நாலையும் இறக்கிவிடுவார்கள். நடுவழி எளிது: கறுப்புக்கு 1, 3, வெள்ளைக்கு 30, 32 ஆகிய இரண்டை நிறுத்திவிட்டு மற்றவற்றை இறக்கலாம். பலகையில் வைத்துப் பாருங்கள், 6, 7, 8 எதில் எதிராளியின் தனிக்காய் வந்து நின்றாலும், பின்னால் கட்டம் காலியாக இருந்தால் 1 அல்லது 3 அதை வெட்டிவிடும். ஒற்றைக் காய் நுழைந்து ராஜா ஆவது சுலபமில்லை.

பொறியையே நம்பி ஆடுவது

பொறிகளை மனப்பாடம் செய்வதில் ஒரு போதை இருக்கிறது. பாளையங்கோட்டையிலோ டவுனிலோ தெருவில் நாலு பேரைத் தொடர்ந்து தோற்கடித்தவன் அதே பொறிக்காகத் தன் நிலையைக் கெடுத்துக்கொண்டாவது காத்திருப்பான். தெரிந்த ஆள் எதிரே உட்கார்ந்தால், பொறி விழாது, கெட்ட நிலை மட்டும் மிஞ்சும்.

இந்த ஆட்டத்தில் தவறில்லாமல் ஆடினால் என்ன ஆகும் என்பது இப்போது ஊகமில்லை. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜோனாத்தன் ஷெஃபர் குழுவினர் சினூக் என்ற கணினி நிரலை வருடக்கணக்கில் வளர்த்து, 2007இல் முடிவை அறிவித்தார்கள்: இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் சமன். ஆகவே தொடக்கத்திலேயே வெல்லும் ரகசிய வரிசை என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

அதே சினூக்கை 1990இல் எதிர்கொண்டவர் மேரியன் டின்ஸ்லி, அமெரிக்கக் கணிதப் பேராசிரியர், பல்லாண்டுக் காலம் உலக சாம்பியன். ஓர் ஆட்டத்தில் சினூக் 10ஆவது நகர்த்தலை ஆடியதுமே அது தவறு என்று அவர் சொல்லிவிட்டார். நிரலுக்கு அது தெரிய வெகுநேரம் ஆனது, 36ஆவது நகர்த்தலில் தோல்வியை ஒப்புக்கொண்டது. பொறி எதுவும் அங்கே இல்லை. அந்தத் தொடக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1992இல் லண்டனில் நடந்த போட்டியிலும் டின்ஸ்லியே வென்றார்: 4 வெற்றி, 2 தோல்வி, 33 சமன். இவ்வளவு பெரிய ஆட்டக்காரர்கள் மோதினால் எத்தனை ஆட்டம் சமனாகும் என்பதை அந்த 33 சொல்லும்.

ஒரே தொடக்கத்தை மட்டும் படிப்பதும் வீண் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. தெரிந்த தொடக்கத்தையே ஆடி ஆடிச் சமன் செய்வதைத் தடுக்க, உயர்மட்டப் போட்டிகளில் முதல் மூன்று நகர்த்தல்களைச் சீட்டு எடுத்து முடிவு செய்வார்கள். வந்த தொடக்கத்தை இருவரும் பக்கம் மாற்றி ஒவ்வொரு முறை ஆடுவார்கள்.

வீட்டில் பழகவும் இந்த முறைதான் நல்லது. 9-14, 22-18, 5-9 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மடித்துப் போடுங்கள். இன்னும் சில தொடக்கங்களையும் அப்படியே எழுதுங்கள். ஒன்றை எடுத்து அண்ணனும் தம்பியும் கறுப்பில் ஒருமுறை, வெள்ளையில் ஒருமுறை ஆடட்டும். நகர்த்தல்களை எண்ணோடு நோட்டில் குறித்துக்கொண்டால், தோற்றவன் எந்த இடத்தில் முதல் காயை விட்டான் என்று அன்று சாயங்காலமே இருவரும் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்.